மகனுக்குப் போட்ட நாற்காலி

சகலமானவர்களுக்கும் ஓர் அதிமுக்கிய அறிவிப்பு: சேர்மன் அவர்களின் மீசை எடுக்கப்பட மாட்டாது.

மேனேஜர் சுந்தரராசு இதைப் பங்களாவின் பின்பக்கம், ஷாமியானாவுக்கு அடியில் நின்று பங்காளிகள் கூட்டத்துக்குச் சொன்னார். குரல் தழுதழுத்தது. காலையில் பிணத்துக்கு அழுத அதே குரல்.

டிரைவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காரணமும் அறிவிக்கப்பட்டது. பதினேழாம் நாள் புதுக் கல்லூரிக்கு அடிக்கல். மந்திரி வருகிறார். சேர்மன் மழுமழுவென்று நின்றால் போட்டோ நன்றாக இராது. சேர்மனின் தகப்பனார், மில் முதலாளி அமரர் நல்லசிவம் அவர்களின் ஆன்மா விரும்புவதும் இதைத்தான்.

அமரர் முன்வாசலில் குளிர்பெட்டிக்குள் இருந்தார். மறுக்கவில்லை.

மின்மயானத்தில் ஒதுக்கியிருந்தது முக்கால் மணி நேரம். அதனால் அங்கே நடக்க வேண்டிய சவரத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். தகப்பனுக்குக் கொள்ளி வைக்குமுன் பிள்ளை தலைமுடியையும் மீசையையும் கொடுத்துவிட வேண்டும். பிள்ளை உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் குண்டாவில் தண்ணீர்.

சேர்மன் கிரிதரன் வந்து உட்கார்ந்தார். நாவிதர் மயில்சாமி அவர் பிடரியில் இரண்டு முடியை நறுக்கினார். கடமை முடிந்தது. சேர்மன் மீசையை ஒருமுறை தடவிச் சரிபார்த்துக்கொண்டு எழுந்து போனார்.

நாற்காலி காலியாக இருந்தது.

அவன் துணியை உதறி பானட்டின் மேல் வைத்தான். நடந்து வந்தான். உட்கார்ந்தான்.

யாரோ இருமினார்கள்.

அங்கிருந்த முக்கால்வாசிப் பேருக்கு விஷயம் தெரியும். நாற்பது வருடமாகக் கல்யாணப் பந்திகளில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசிய விஷயம். அவன் தாய் ராமாத்தாள் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவள். முதலாளியைப் பற்றி அவள் அவனிடம் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினெட்டு வயதில் இந்த வீட்டுக்கு டிரைவராக அனுப்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

“மீசைய மட்டும் எடுத்துராத சாமி.”

ஏனென்று அவன் கேட்கவில்லை. வீட்டில் கண்ணாடி இருந்தது.

அவள் செத்தபோதும் எடுக்கவில்லை. பெற்றவளுக்கு மீசை எடுக்காத பிள்ளை என்று தெருவே காறித் துப்பியது. மில்லிலிருந்து ஒரு மாலை வந்தது. அனுப்பியவர் பெயர் அதில் இல்லை.

கார் ஷெட்டுக்கு மேலே இருக்கும் அறை, ரேஷன் அட்டையில் உள்ள விலாசம், இரண்டு பெண்களின் பள்ளிக்கூடம், எல்லாம் இருபத்தாறு வருடமாக அந்த மீசையில் தொங்கிக்கொண்டிருந்தன.

மயில்சாமி பிளேடைப் பாதியாக ஒடித்தார். பிறகு கையை நிறுத்தினார்.

“ஏனுங் தம்பி, பழனிக்கு வேண்டுதலுங்களா?”

“ஆமாமா, பழனிதான்” என்று மேனேஜர் முந்திக்கொண்டார். “போன மாசமே எங்கிட்டச் சொல்லிட்டிருந்தான். அப்புறமா அங்க போயே மொட்ட அடிச்சுக்குவான். எந்திரிடா.”

நல்ல வழி. முருகன் மேல் போட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

“இல்லீங்க” என்றான் அவன். “எடுங்க.”

முடி போனது. கடைசியில் மீசை.

நாவிதருக்குப் பின்னால் எட்டடி உயரத்துக்கு ஒரு பிளக்ஸ் பேனர் கட்டியிருந்தது. வழுக்கைத் தலை. ஒருநாளும் மீசை வைத்திராத முகம். கீழே பட்டங்கள்: ஆலைகளின் தந்தை, கல்வித் தந்தை, தொழிலாளர்களின் தந்தை. இத்தனை பேருக்குத் தந்தையாக இருந்தவர் பட்டியலில் டிரைவருக்கு மட்டும் இடமில்லாமல் போயிருந்தது.

பங்காளிகள் பேனரைப் பார்த்தார்கள்.

நாற்காலியைப் பார்த்தார்கள்.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சேர்மன் மட்டும் அவனை நேராகப் பார்த்தார். அவருக்கு அவருடைய அம்மாவின் முகம். தகப்பனின் ஜாடை துளியும் கிடையாது. கை தானாக மீசைக்குப் போயிற்று.

அவன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். ஈர வேட்டியோடு முன்வாசலுக்கு நடந்தான். யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். தலைமாட்டில் பெரியம்மா, முதலாளியின் மனைவி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிழல் விழவும் நிமிர்ந்தார்.

எழுந்து நின்றுவிட்டார்.

முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். ஐம்பது வருடமாகப் புருஷன் உள்ளே வரும்போதெல்லாம் செய்தது.

அந்த வீட்டில் டிரைவருக்காக ஒருவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

அவன் மூன்று பிடி அரிசி எடுத்து வாய்க்கரிசி போட்டான். பக்கத்திலிருந்து பார்த்தால், ஒருவர் குனிந்து தன் வாயிலேயே போட்டுக்கொள்வது போலிருந்தது. அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை. இரண்டெழுத்தோ மூன்றெழுத்தோ, சின்ன வார்த்தைதான்.

பெரியம்மா மெதுவாக உட்கார்ந்தார். மூச்சு சீராகும்வரை சேலை மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். பிறகு, அவனைப் பார்க்காமல், மேனேஜரிடம் சொன்னார்.

“மீச மொளைக்கற வரைக்கும் இவன லீவுல இருக்கச் சொல்லுங்க.”

மயானத்துக்குக் காரை மேனேஜர் ஓட்டினார்.

நாற்பத்தோராம் நாள் அவன் மீசையோடு வேலைக்குப் போனான்.