கடைசி வரிக்கு அப்புறம்

பைத்தான் என்ற கணினி மொழி வகுப்பில் பழகுவதற்கு ஆளுக்கொரு கோப்பு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஜெனோவா கொண்டுவந்தது, கப்பலுக்குப் போன கணவன் ரெக்ஸன் அனுப்பிய வாட்ஸப் செய்திகளை. திறந்து read என்று அடித்ததும் நான்கு வருடச் செய்திகள் திரையில் ஓடி, ‘சிக்னல் போகப்போகுது, அப்புறம் எழுதுறேன்’ என்பதில் நின்றது. அதுதான் கடைசி, போன ஜூலையில் வந்தது. மறுபடி அடித்தாள். ஒட்டி நின்ற இரண்டு மேற்கோள் குறிகள் மட்டும் வந்தன, நடுவே ஒன்றுமில்லை.

“மிஸ், எல்லாம் அழிஞ்சிருச்சா?”

“இல்லக்கா,” என்றாள் சொல்லிக்கொடுக்கும் ஹசீனா. “ஒரு தடவ படிச்சா, படிக்கிற இடம் கடைசியில போய் நின்னுக்கும். அதுக்கு மேல படிக்க ஒண்ணுமில்ல, அதான் காலியா காட்டுது. seek(0) போடுங்க, முதல்லேருந்து வரும்.”

ஜெனோவா அதை அடித்துவிட்டு, என்டரைத் தட்டாமல் கேட்டாள்: “கடைசியிலேயே நிக்கவிட்டா? புதுசா ஏதாவது வந்தா படிக்குமா?”

“யாராவது எழுதினா படிக்கும்.”

அவள் seek(0)-ஐ ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். read அடித்தாள். இரண்டு குறிகள். மறுபடி அடித்தாள். மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தார்கள். அவள் திரையில் மட்டும் அந்தக் குறிகள் ஜோடி ஜோடியாக, ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.