பதினாறு நாள் சடை

காலையில் மகளுக்குச் சடை பின்னிவிட்ட வடிவு, மாலைக்குள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அந்தச் சடையில் செம்மலர் யாரையும் கைவைக்க விடவில்லை. இன்று பதினாறாம் நாள் காரியம்; தலைக்கு ஊற்றியே ஆக வேண்டும்.

“ஒரே சிக்குண்ணே. கத்திரிச்சிரட்டுமா?” என்றாள் அத்தை.

செம்மலர் ஓடிவந்து அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். “நீ அவுத்துவிடுப்பா. அம்மா எப்படிப் போட்டாங்கன்னு பாத்துக்கிட்டே அவுத்துவிடு.”

தணிகாசலம் அந்த மூன்று கால் சடையை நுனியிலிருந்து ஒவ்வொரு பின்னலாகப் பிரித்தார். வலக்கால் நடுக்காலின் மேல், இடக்கால் அதன் மேல் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிடரிக்கு வந்தபோது எல்லாம் பிரிந்திருந்தது.

“முடிஞ்சுதாப்பா?”

“இன்னும் ஒண்ணு இருக்குடா” என்றார், மூன்று கால்களையும் விரலிடுக்கில் விடாமல் பிடித்துக்கொண்டு.