ஐந்நூற்றொரு யூரோ

"ஐநூத்தியொரு யூரோ வேணுமுங்க" என்றாள் கோமளா.

குமரன் சாலையில் ஒரு மாடியில் இருந்தது அந்தப் பணமாற்றுக் கடை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நித்யஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐநூறு தர்றேனுங்க அக்கா. ஒரு யூரோங்கறது காசுங்க. நாங்க நோட்டு மட்டுந்தான் வெச்சுருக்கறோம்."

"ஒத்தைப் படையாத்தானே கண்ணு குடுக்கோணும்?"

"ஜெர்மனி ஏர்போர்ட்ல இறங்குனதும் ஒரு தண்ணி பாட்டில் வாங்குங்க. மீதிச் சில்லறையில காசு வந்துரும்."

கோமளாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அனுப்பர்பாளையத்தில் ஆறு தையல் மெஷின் போட்டு, பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறாள். விமானத்தில் இதுவரை ஏறியதில்லை.

முந்தாநாள் வங்கியில் விசாரித்திருந்தாள். கையில் இருக்கிற ஏடிஎம் கார்டையே அங்கேயும் போட்டு எடுக்கலாமாம். நூறு ரூபாய்க்கு மூன்றரை ரூபாய் பிடித்துக்கொள்வார்களாம். ஒவ்வொரு தடவை எடுப்பதற்கும் தனிக் கட்டணமாம்.

பஸ்ஸில் திரும்பும்போதே கணக்குப் போட்டுவிட்டாள். எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்தைத் தாண்டியது. நானூறு பனியன் தைக்கிற கூலி.

நானூறு பனியனை ஏதோ ஒரு மெஷின் வாயில் போட அவளுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த மாடிப்படி ஏறியிருந்தாள்.

"கையில குடுக்கற பணத்தை இங்கயே நோட்டா வாங்கிக்கங்க" என்றாள் நித்யஸ்ரீ. "செலவுக்கு மட்டும் ஒரு கார்டுல யூரோவா ஏத்தித் தர்றேன். இன்னைக்கு ரேட்டு என்னவோ அதுதான். அங்க போயி எடுக்கறப்ப அந்த மூணரை ரூபா இருக்காது."

"எடுக்கறதுக்குப் பிடிப்பாங்களா?"

"தடவைக்கு ரெண்டு யூரோ போல ஆகுங்க. கொஞ்சங் கொஞ்சமா எடுக்காதீங்க. ஒரே தடவையா எடுத்து வெச்சுக்கங்க."

கோமளா கைப்பையிலிருந்து ஒரு பழைய பில்லை எடுத்து, அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். ஒரே தடவை.

"அப்புறம் ஒண்ணுங்க அக்கா, இதை மட்டும் மறந்துறாதீங்க. மெஷினு, ரூபாயில கழிச்சுக்கட்டுமா, யூரோவுல கழிச்சுக்கட்டுமான்னு கேக்கும். யூரோன்னு அமுத்துங்க."

"ரூபா நம்ம பணந்தானே?"

"ரூபான்னு அமுத்துனா அவங்க வெச்ச ரேட்டுல கழிச்சுருவாங்க. பாக்கறதுக்கு நமக்கு வசதி பண்ணிக் குடுக்கற மாதிரித்தான் இருக்கும்."

கோமளா சிரித்துவிட்டாள். இருபத்தைந்து வருடமாகக் கம்பெனிக்காரர்களிடம் ரேட் பேசி வருகிறவள். அப்படி வசதி பண்ணிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேரை அவளுக்குத் தெரியும்.

நித்யஸ்ரீ பாஸ்போர்ட்டையும் விசா காகிதங்களையும் வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தாள்.

"பிசினஸ் விசயமாப் போறீங்களா, சொந்த விசயமாங்களா?"

கோமளா கையிலிருந்த பில்லைப் பார்த்தாள்.

ஒரு மாதமாக வீதியில் கேட்டவர்களுக்கெல்லாம் ஆர்டர் பிடிக்கப் போவதாகத்தான் சொல்லியிருந்தாள். உடன்பிறந்த தங்கையிடம்கூட அப்படித்தான். தங்கை அதை நம்பி, நல்ல பார்ட்டியா என்று இரண்டு முறை விசாரித்துவிட்டாள்.

"சொந்த விசயந்தான் கண்ணு. ஒரு கல்யாணம்."

முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். நினைத்த அளவு கஷ்டமாக இல்லை.

நித்யஸ்ரீயின் முகம் மலர்ந்தது. "மகளுக்குங்களா? பேரென்னங்க?"

"அபிராமி."

"மாப்பிள்ளை அந்த ஊருக்காரருங்களா?"

"இல்ல கண்ணு, மதுரைப் பக்கம். அங்க அவகூட வேலை பாக்கறாரு. போன்ல பேசுனேன். எடுத்ததுமே, எப்ப வர்றீங்க அத்தைன்னு கேட்டாரு."

கோமளா பில்லை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

நித்யஸ்ரீ அடுத்த காகிதத்தைப் புரட்டினாள். அழைப்புக் கடிதம். அபிராமி கையெழுத்துப் போட்டு அனுப்பியது. ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"அக்கா, இதுல தப்பா அடிச்சுட்டாங்க போல. உங்களை மாமியார்னு போட்டிருக்குதுங்க."

"தப்பில்ல கண்ணு. அவ என்ற மருமக."

நித்யஸ்ரீ விளங்காமல் பார்த்தாள்.

"என்ற பையன் கவின் போயி ஆறு வருசமாச்சு. பல்லடம் ரோட்டுல, பைக்குல போறப்ப. அவளுக்கு அப்ப இருபத்திநாலு வயசு."

நித்யஸ்ரீ கடிதத்திலிருந்து விரலை எடுத்தாள்.

"ஊட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா. எனக்குப் பாக்கப் பொறுக்கல. பன்னெண்டு மெஷின்ல ஆறை வித்து, போயிப் படின்னு அனுப்புனேன். இப்பத்தான் அவளுக்குச் சிரிக்கத் தோணியிருக்குது."

நித்யஸ்ரீ மெதுவாகக் கேட்டாள்.

"பொண்ணு ஊட்டுல இருந்து யாரும் போகலீங்களா அக்கா?"

"அவங்கப்பன் ஆத்தா ரெண்டு பேரும் வரமாட்டேன்னுட்டாங்க. ரெண்டாங் கல்யாணமாம், ஊருல தலைகாட்ட முடியாதாம்."

கோமளா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பொண்ணு ஊடே நாந்தான் கண்ணு."