உள்பக்க ஈரம்

"கார்ப்பெட் காய்ஞ்சிருக்கு. கதவு ரப்பரும் நல்லா இருக்கு லா. உள்ளே ஆள் உட்கார்ந்து மூச்சு விட்டாத்தான் கண்ணாடி இப்படி வேர்க்கும், தம்பி."

"ராத்திரியெல்லாம் வீட்டு வாசல்ல பூட்டிக் கிடக்குற காரு, பாய். பேயா வந்து உட்காருது?"

ஒர்க்‌ஷாப் அபுபக்கரிடம் அப்படிக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் பவனேஷ் ரவாங்கில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பினான். மறுநாள் காலையிலும் முன்கண்ணாடி உள்ளே மங்கியிருந்தது. பாதை தெரியாமல் ஒரு மோட்டார் சைக்கிளை இடிக்க இருந்தான்.

விடியலில் சாவியை எடுத்துப்போய்க் காரைத் துடைப்பது அப்பா தங்கராஜுதான். "துடைக்கிறப்போ தண்ணிய உள்ளே விட்டுடுறீங்களாப்பா? கொஞ்சம் பார்த்துச் செய்யக்கூடாதா?" என்று பவனேஷ் எரிந்து விழுந்தான்.

"இருக்கும்பா," என்றார் அவர், தலை நிமிராமல்.

அடுத்த நாள் அலாரத்துக்கு முன்பே எழுந்து வாசலுக்கு வந்தான். மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தலைகள் தெரிந்தன. ஓட்டுநர் இருக்கையில் அப்பா. பக்கத்தில் அம்மா, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

பவனேஷ் கூசிப்போனான். கெர்லிங் ஊர் வீட்டிலிருந்து இருவரையும் அழைத்து வந்த அன்று தனித்தனியே படுக்கை ஒதுக்கியவன் அவன்தான். அம்மாவுக்கு, தன் மகள் விஷாலினியின் அறையில் இடம். அப்பாவுக்கு ஹால் சோபா. வயதானவர்களுக்கு இது போதாதா என்று நினைத்திருந்தான்.

அவனைக் கண்டதும் அப்பா பதறி இறங்கப் பார்த்தார். அம்மா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இத்தனை நாள் கேட்கக் கூச்சப்பட்டதை அன்று கேட்டேவிட்டாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரூமா குடுப்பியா, தம்பி?"