நாற்பதாவது ஆள்

அருவிப் பாறையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதைக் கண்டதும் வழிகாட்டி பாய்ந்து எடுத்தான். வாரில் பாசி படிந்திருந்ததைக் கவனிக்கிற நிலையில் அவன் இல்லை.

காலையில் நகரத்திலிருந்து மலை ரயிலில் சுற்றுலா அழைத்து வந்தது பட்டியல்படி நாற்பது பேரை. இப்போது பெட்டியில் இருப்பது முப்பத்தொன்பது தலை. திரும்பிப் போக இருப்பதே அந்த ஒரு ரயில்தான். அது கிளம்பப் பத்து நிமிடம்.

போன வருஷம்தான் ஒரு பெரியவரை இங்கேயே விட்டுவிட்டுப் போய், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். "இன்னொரு தடவை ஆளைத் தொலைச்சே, நீயும் தொலைஞ்சே" என்று சொல்லியிருந்தார். வேலை போனால் போகட்டும், ஆள் உயிரோடு கிடைத்தால் போதும் என்று இப்போது இருந்தது.

"சார்! அம்மா! யாராவது இருக்கீங்களா?" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினான். அருவி தன் பாட்டுக்கு இரைந்தது.

செருப்பும் கையுமாக ஸ்டேஷனுக்கு ஓடிவந்தான். ரயில் கார்டு கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"கால்ல விழறேன் சார், அஞ்சே நிமிஷம்" என்று நிஜமாகவே விழப்போனான்.

பெட்டியில் ஏறி மறுபடி எண்ணினான். ஒருவரும் தன் இடத்தில் இல்லை; ஜன்னலுக்கு ஜன்னல் தாவிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொன்பதேதான்.

"உங்களை எண்ண மறந்துட்டீங்களோ?" என்று ஒருவர் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். அவன் அந்த நாற்பதில் சேர்த்தியே இல்லை. அவனுக்கு அழுகை வந்தது.

"எல்லாரும் இருக்கோமே தம்பி" என்றார் சால்வை போர்த்திய ஓர் அம்மா.

"நீங்க சும்மா இருங்கம்மா!" என்று எரிந்து விழுந்தான்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்தான் வழி சொன்னார். "காலையில கூப்பிட்ட மாதிரி சீட் நம்பரைக் கூப்பிடுங்க. யார் இல்லைன்னு தெரிஞ்சிடும்."

நம்பரைக் கூப்பிட்டதும் குரல் வர வேண்டும், உடனே பட்டியலில் ஒரு டிக்; அதுதான் அவன் வழக்கம். ஜோடியாக வந்தவர்களில் ஒருவரே இரண்டுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துவிடுவார். பதற்றத்தில் பட்டியல் ஞாபகமே வரவில்லை.

"ஒண்ணு?" "இருக்கேன்." "பதினேழு?" "ரெண்டு பேரும் இருக்கோம்." நாற்பது வரை கூப்பிட்டும் ஒரு குரல்கூடக் குறையவில்லை.

அவன் பெட்டி அதிரக் கத்தினான். "எல்லாரும் அவங்கவங்க சீட்டுல உக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். பதினெட்டு மட்டும் காலி. சால்வை அம்மாவுக்குப் பக்கத்து ஜன்னலோர சீட்டு. அதன்மேல் மதியம் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா? ரெண்டு பேரும் இருக்கோம்னீங்க! அருவிக்குப் போனாரா?" செருப்பை நீட்டினான். "இது அவரோடதா?"

வெளியே கார்டு விசில் ஊதினார். அந்த அம்மா பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த ரெண்டு டிக்கெட்டும் அவர் ஆசையா எடுத்து வச்சது, தம்பி. போன மாசம் போயிட்டார்."