மனைவிமார் வகுப்பு

அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் இருந்த பெண் மாடிப்படியைக் காட்டினாள்.

"குடிக்கிறவங்களுக்கு மேல, சார். இது வீட்ல இருக்கிறவங்களுக்கு."

வேலைக்குப் புதியவள்.

உள்ளேயிருந்து ரெஜினாவின் குரல் வந்தது. "அவர விடும்மா. அவரு நம்ம ஆளு. நம்ம எல்லாரையும் விட நல்லா அழுவாரு."

யாரோ சிரித்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மதுரையில் ஒரு குடிநோய் மறுவாழ்வு மையம். அதன் கீழ்த்தளம். வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பலகையில் குடும்பத்தார் வகுப்பு என்று எழுதியிருக்கும். எல்லோரும் சொல்வது மனைவிமார் வகுப்பு.

பதினோரு பெண்கள். ஓர் ஆண்.

நான்கு வருடங்களுக்கு முன் தவசியைச் சேர்க்க வந்த அன்று, ஆலோசகர் அம்மா ஒன்றுதான் கேட்டார். இவர் யாரோடு வாழ்கிறார்?

நண்பர் என்று சொல்லத்தான் தயாராகி வந்திருந்தான். என்னோடு என்று வாய் சொல்லிவிட்டது.

அப்போதே ஏழு வருடமாக ஒரே வீடு, ஒரே கட்டில்.

ஆலோசகர் தலையை நிமிர்த்தவில்லை. வியாழக்கிழமைப் பட்டியலில் அவன் பெயரை எழுதினார்.

முதல் வாரம் அவன் பேசவில்லை. இரண்டாவது வாரம் ஒருத்தி, கேட்டைத் திறக்கிற சத்தத்திலேயே எத்தனை குவார்ட்டர் என்று தெரிந்துவிடும் என்றாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றான். பதினோரு தலைகள் அசைந்தன. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தவசி மூன்று மாதம் மாடியில் இருந்தான். இறங்கி வந்தபின் குடியைத் தொடவில்லை.

மூன்று வருடம், எட்டு மாதம்.

இன்று கீழ்த்தளத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்து அவன் மீதியைச் சொன்னான்.

பன்னிரண்டு நாளுக்கு முன் சங்கரன்கோவிலில் தவசியின் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா. இவர்கள் ஒன்றாகக் குடியேறியதிலிருந்து அந்த வீட்டிலிருந்து வந்த முதல் அழைப்பு. தவசிக்கு மட்டும். தவசி சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அண்ணன் வீட்டில் விசேஷம் என்றால் மொட்டை மாடியில் பாட்டில் திறப்பார்கள்.

மறுநாள் காலை தவசி எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அண்ணன் போனில் இரண்டு வாக்கியம் பேசினார். தம்பி போயிட்டான். நீ வர வேண்டாம்.

இவன் போனான். தெருமுனை டீக்கடையில் நின்றான். பாடை கடந்துபோனது. மாலைகள்தான் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

அன்றிலிருந்து அழுகை வரவில்லை. ஒரு கேள்வி குறுக்கே நின்றது. வெளியில் யாரிடமும் அதைச் சொல்ல முடியாது. செத்தவனைப் பற்றிக் கேட்கிற கேள்வியா என்பார்கள்.

இங்கே சொல்லலாம்.

"கடைசி நாள் குடிச்சானான்னு எனக்குத் தெரியல" என்றான்.

இருக்காதுண்ணே என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் மொட்டை மாடிகளைத் தெரியும்.



வாசலில் பேச்சுக் குரல். புதியவள் மறுபடியும் யாரையோ நிறுத்தியிருந்தாள். கையில் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிப் பிடித்தபடி ஒரு பெண். தவசியின் போனில் படமாகப் பார்த்திருக்கிறான். அண்ணி. கோமதி.

இந்த இடத்தையும் கிழமையையும் கொழுந்தனார் எப்போதோ சொல்லியிருந்தாராம். வீட்டுக்காரர் போனை எடுத்துப் பார்ப்பார் என்பதால் பேச முடியவில்லையாம். கண் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

ரெஜினா நாற்காலியைக் காட்டினாள். கோமதி உட்காரவில்லை. தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"காப்பி கொண்டுட்டு நாந்தான் போனேன். கூப்பிட்டேன். எந்திரிக்கல. கையத் தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு."

கோமதி பஸ் டிக்கெட்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள்.

"குனிஞ்சு வாய மோந்து பாத்தேன். அதுக்கு அப்புறந்தான் சத்தம் போட்டேன்."

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல, தம்பி. சுத்தமா ஒண்ணுமில்ல."

அவனுக்கு முதலில் மூச்சுதான் வந்தது. பதினோரு நாளாக நெஞ்சின் பாதியில் நின்றுபோயிருந்த மூச்சு. அதன் பின்னாலேயே அழுகை. சத்தமாக, வெட்கமில்லாமல்.

யாரும் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அழுகை இல்லை அது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ரெஜினா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் கணவன் நான்காம் முறையாக மாடியில் இருந்தான்.

"குடுத்து வச்சவரு" என்றாள். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

அழுது முடித்தபோது உடம்பு லேசாகியிருந்தது. பசித்தது. கடைசியாக எப்போது பசித்தது என்று அவனுக்கு நினைவில்லை.

மோந்து பார்க்க எப்படித் தோன்றியது என்று கோமதியை அவன் கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு ஒரு பஸ் இருப்பதாக வாசல் பெண் சொன்னாள். கோமதி தலையாட்டினாள். கிளம்பவில்லை. உட்கார்ந்திருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள்.

"இது வாராவாரம் உண்டா?"

அவன் எழுந்து, தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு, பக்கத்தில் இடம் செய்தான்.