அரை மணி நடை

"எந்திரிங்க, நடக்கப் போகணும்." மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

"முடியலம்மா. உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"படுத்தே கிடந்தா அசதி கூடத்தான் செய்யும். தினம் அரை மணி நடக்கறதுதான் மருந்துன்னு புற்றுநோய் டாக்டரே சொன்னாரில்ல?"

முனகிக்கொண்டே எழுந்தார். பூங்காவை மூன்று சுற்று சுற்றவைத்துத்தான் விட்டாள்.

அடுத்த வாரம் மருத்துவமனையில் டாக்டர், "அசதி எப்படிம்மா இருக்கு?" என்று அவளைத்தான் கேட்டார்.

"எனக்குக் குறைஞ்சிருக்கு டாக்டர். இவரைக் கிளப்பறதுக்குள்ளதான் போதும் போதும்னு ஆயிடுது."

அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போனதும் டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன செய்யுது?"

"எனக்கென்ன டாக்டர்? முப்பது வருஷம் தெருத்தெருவா நடந்து தபால் கொடுத்தவன். தனக்காகன்னா அவ படுக்கையை விட்டு எந்திரிக்க மாட்டா. எனக்காகன்னா எந்திரிப்பா."